அலமாரியில் 412, திரையில் 640

மார்ச் மாதத்தின் கடைசி நாட்களில் புனேயைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் ஒரு விநோதமான அமைதி நிலவும். போசரி, பிம்ப்ரி, சிஞ்ச்வட், சாகன் பகுதிகளில் பல தொழிற்சாலைகள் இயந்திரங்களை ஓரிரு நாள் நிறுத்திவிட்டுக் கையிருப்பை எண்ண உட்கார்ந்துவிடுகின்றன. நட்டு, போல்ட்டு, வாஷர் வகைகளை யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. நூறை எண்ணி எடை போட்டு, மூட்டையின் எடையை அதைக்கொண்டு கணக்கிட்டுக்கொள்கிறார்கள். விலை கூடிய சாமான்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண வேண்டும். ஒருவர் உரக்கச் சொல்ல, இன்னொருவர் கம்ப்யூட்டர் கொடுத்த பட்டியலோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்கிறார்.

அலமாரியில் 412 ஆயில் சீல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் 640 என்கிறது. பாக்கி 228 எங்கே? உடனே திருட்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெரும்பாலும் காரணம் சாதாரணமாக இருக்கும். நைட் ஷிஃப்டில் அவசரமாக எடுத்தவர் சீட்டு எழுதவில்லை. தரப் பரிசோதனையில் கழிக்கப்பட்டவை மூலையில் ஒரு டப்பாவில் கிடக்கின்றன. கொஞ்சம் வெளிப் பட்டறைக்குப் போயிருக்கிறது, சலான் பதிவாகவில்லை. அல்லது, அச்சு அசலாக இதே மாதிரி இருக்கும் இன்னொரு சீலின் குறியீட்டு எண்ணில் யாரோ வரவு வைத்துவிட்டார்கள்.

ஒரு கம்பெனியின் கொள்முதல், ஸ்டோர்ஸ், உற்பத்தி, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டர் வலைக்குள் கொண்டுவரும் மென்பொருளுக்கு எண்டர்பிரைஸ் ரிசோர்ஸ் பிளானிங், சுருக்கமாக ஈ.ஆர்.பி., என்று பெயர். அதை நிறுவும் வேலையைப் பற்றிக் கருத்தரங்குகளில் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். சர்வர் எவ்வளவு பெரியது, லைசென்ஸ் எத்தனை கோடி, கன்சல்டன்ட் எந்த நாட்டிலிருந்து வந்தவர் என்றெல்லாம் விவாதம் நடக்கும். ஆனால் அந்த வேலை ஜெயிப்பதும் தோற்பதும் காணாமல் போன அந்த 228 ஆயில் சீல்களில்தான்.

ஒரு காலத்தில் இந்த 228-ஐப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. கவலைப்பட அவசியமும் இருக்கவில்லை. 1972-ல் வந்த பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டுப் பத்து ஆண்டுகள் வரை காத்திருந்தவர்கள் உண்டு. பெண் பள்ளிக்கூடம் போகும்போதே வரப்போகும் மாப்பிள்ளைக்காகப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று அந்த நாட்களில் வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆகுர்டி தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் வாசலில் ஆள் நின்றுகொண்டிருந்தபோது, எதை எப்போது எத்தனை தயாரிப்பது என்று மூளையைக் கசக்கிக்கொள்ள எந்த மேனேஜருக்கும் காரணம் இல்லை. இரும்புக்கு ஒதுக்கீடு, இறக்குமதிக்கு லைசென்ஸ் என்று இருந்த காலத்தில் கிடைக்கும்போது வாங்கிக் குவித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். நிரம்பி வழியும் ஸ்டோர்ஸ் அந்த நாளில் பலவீனம் அல்ல, பாதுகாப்பு.

1991-க்குப் பிறகு கணக்கு தலைகீழானது. வாங்குபவருக்குத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. ஒரே மாடலை இருபது ஆண்டு ஓட்டிய இடத்தில் ஆண்டுக்கு ஒரு மாடல், ஒவ்வொன்றிலும் பல வகை, பல நிறம் என்றாயிற்று. வங்கி வட்டி 15 சதவிகித அளவில் இருந்த அந்த ஆண்டுகளில் ரூ. 100 கோடிக்குச் சரக்கைத் தேக்கி வைத்திருந்த கம்பெனி, அதற்காக மட்டும் ஆண்டுக்கு ரூ. 15 கோடி வட்டி கொடுத்துக்கொண்டிருந்தது. 1998 டிசம்பரில் இண்டிகா காரை அறிமுகம் செய்த டெல்கோ (2003-லிருந்து டாடா மோட்டார்ஸ்) 2000-01 நிதியாண்டில் சுமார் ரூ. 500 கோடி நஷ்டம் காட்டியது. புனே முழுக்க அதிர்ந்த செய்தி அது. அலமாரியில் தூங்குவது இரும்பு அல்ல, பணம் என்பது நகரத்துக்கு அப்போது உறைத்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஈ.ஆர்.பி. அலை வீசியது. ஜெர்மனியில் ஐ.பி.எம். கம்பெனியிலிருந்து விலகிய ஐந்து எஞ்சினியர்கள் 1972-ல் தொடங்கிய எஸ்.ஏ.பி. நிறுவனம், ஆர்-3 என்ற மென்பொருளை 1992-ல் வெளியிட்டது. 1996-ல் அது பெங்களூரில் கடை விரித்தது. ஹாலந்தின் பான், அமெரிக்காவின் ஆரக்கிள், நம் சென்னையிலேயே உருவான ராம்கோவின் மார்ஷல் எல்லாம் போட்டிக்கு நின்றன. 2000-ம் ஆண்டு பிறக்கும்போது பழைய கம்ப்யூட்டர்கள் தேதி குழம்பி நின்றுவிடும் என்ற ஒய்2கே பயம் வேறு. பழைய புரோகிராம்களைப் பழுது பார்ப்பதைவிடப் புதிதாகவே வாங்கிவிடலாம் என்று பல கம்பெனிகள் தீர்மானித்தன. டாடா மோட்டார்ஸ், பஜாஜ் ஆட்டோ, பாரத் ஃபோர்ஜ் என்று புனேயின் பெரிய பெயர்கள் ஒவ்வொன்றாக எஸ்.ஏ.பி. பக்கம் வந்தன.

இந்த மென்பொருளின் உள்ளே இருக்கும் தர்க்கம் ஒன்றும் தேவரகசியம் அல்ல. நம் ஊர்க் கல்யாணச் சமையல்காரர் செய்வதுதான். 500 இலை என்று சொன்னதும் அவர் மனத்துக்குள் பெருக்க ஆரம்பிக்கிறார். இத்தனை படி அரிசி, இத்தனை தேங்காய், இத்தனை கிலோ துவரம் பருப்பு. பெண் வீட்டில் ஏற்கெனவே இருப்பதைக் கழிக்கிறார். பருப்பைப் பத்து நாள் முன்பே வாங்கலாம், வாழை இலையை முந்தின நாள்தான் வாங்க முடியும், பால் அன்று காலையில் என்று தேதி போடுகிறார். மொத்தத் தேவை, கையிருப்பைக் கழித்தால் வரும் நிகரத் தேவை, எத்தனை நாள் முன்பு ஆர்டர் கொடுப்பது. இந்த மூன்றையும் ஆயிரக்கணக்கான உதிரிப் பாகங்களுக்குக் கம்ப்யூட்டரைக்கொண்டு போடும் முறையை 60-களில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஜோசஃப் ஓர்லிக்கி. 1975-ல் அவர் எழுதிய புத்தகம் இத்துறையின் ஆதி நூல். அதன்மீது கணக்கு, விற்பனை, சம்பளம் என்று மாடி மேல் மாடி கட்டியதுதான் ஈ.ஆர்.பி. அந்தப் பெயரை 1990-ல் சூட்டியது அமெரிக்காவின் கார்ட்னர் ஆராய்ச்சி நிறுவனம்.

சமையல்காரருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே ஒரு வித்தியாசம். பெண் வீட்டார் “வீட்டில் இருபது தேங்காய் இருக்கிறது” என்று சொன்னால் சமையல்காரர் ஒரு நடை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவார். கம்ப்யூட்டர் போகாது. சொன்னதை நம்பிவிடும்.

இந்த நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு எஞ்சினைப் பூட்ட 50 பாகங்கள் தேவை. ஸ்டோர்ஸ் கணக்கு நூற்றுக்கு 95 பாகங்களில் சரி. கேட்பதற்கு நல்ல மதிப்பெண்ணாகவே இருக்கிறது. ஆனால் 50 பாகங்களின் கணக்கும் ஒரே சமயத்தில் சரியாக இருப்பதற்கான வாய்ப்பு 8 சதவிகிதத்துக்கும் கீழே. அதாவது நூறு முறை திட்டம் போட்டால் தொண்ணூறு முறைக்கு மேல் ஏதோ ஒரு பாகம் உதைக்கும். லைன் நிற்கும். ஸ்டோர்ஸ் கணக்கு 99 சதவிகிதம் சரியாக இருந்தால் அந்த வாய்ப்பு 60 சதவிகிதமாக உயர்கிறது. ஆலிவர் வைட் என்ற அமெரிக்க ஆலோசகர் தொழிற்சாலைகளுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் போட்டவர். ஏ வகுப்புக்கு அவர் வைத்த குறைந்தபட்ச நிபந்தனைகளில் கையிருப்புக் கணக்கில் 95 சதவிகிதம், பாகப் பட்டியலில் 98 சதவிகிதம் துல்லியம் என்பவை உண்டு. பெரிய சர்வர் வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

பாகப் பட்டியல் என்பது இன்னொரு சங்கடமான விஷயம். டிராயிங் ஆபீஸ் தயாரித்த பட்டியலில் ஒரு இடத்தில் ஒரு வாஷர் என்று இருக்கும். ஷாப் ஃப்ளோரில் ஃபிட்டர் இரண்டு போடுவார். ஏனென்றால் துளை கொஞ்சம் பெரிதாக விழுகிறது, ஒன்று போட்டால் ஆடுகிறது. இதை அவர் யாரிடமும் சொல்வதில்லை, அவரை யாரும் கேட்பதும் இல்லை. கொள்முதல் பிரிவுக்காரர் மட்டும் அந்த வாஷர் எப்போதும் சீக்கிரம் தீர்ந்துபோவதைக் கவனித்துத் தன் பங்குக்குக் கூடுதலாக வாங்கி வைப்பார். இப்படிக் காகிதத்தில் ஒன்று, நடைமுறையில் ஒன்று என்று பல ஆண்டுகள் சுமுகமாக ஓடிய தொழிற்சாலையில் ஈ.ஆர்.பி. நுழைகிறது. வண்டி ஒன்று பூட்டி முடிந்தது என்று பதிவு செய்தவுடன் பட்டியலில் உள்ளபடி ஒரு வாஷரைத் தானாகவே கழித்துக்கொள்கிறது. நிஜத்தில் இரண்டு குறைகிறது. மாதக் கடைசியில் திரையில் பல்லாயிரம் வாஷர், அலமாரியில் ஒன்றுமில்லை. பழி கம்ப்யூட்டர் மீது.

பழைய ஏற்பாட்டில் இந்த இடைவெளிகளையெல்லாம் தன் தலைக்குள் சுமந்துகொண்டிருந்தவர் ஸ்டோர்கீப்பர். எந்த அலமாரியின் எந்தத் தட்டில் என்ன இருக்கிறது, எந்தச் சப்ளையரின் பெட்டியில் எப்போதும் நாலைந்து குறையும், எந்தப் பாகத்துக்குப் பதில் எதைக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று எல்லாம் அவருக்கு அத்துபடி. மேஜை டிராயரில் ஒரு நோட்டு இருக்கும். கம்பெனியின் உண்மையான கணக்கு அதில்தான். பத்தாவதுகூட முடிக்காத ஒரு மனிதரிடம் எம்.பி.ஏ. படித்தவர்கள் வந்து தயவாகப் பேச வேண்டியிருந்தது அதனால்தான். திரை வந்ததும் அந்த மரியாதை போய்விடுமே என்று அவர் பயந்தால் அதில் தப்பு என்ன? மாற்றத்துக்கு ஒத்துழைக்காத பழைய ஆள் என்று அவரைக் கன்சல்டன்ட்கள் அறிக்கையில் எழுதிவிடுவது சுலபம். அவர் நோட்டைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து படித்திருந்தால் ஆறு மாத வேலை மிஞ்சியிருக்கும்.

இந்தத் திட்டங்களில் இன்னொரு வழக்கமான கோளாறு. ஒவ்வொரு இலாகாவிலிருந்தும் ஒருவரை ஓராண்டுக்கு ஈ.ஆர்.பி. குழுவுக்கு அனுப்பச் சொல்வார்கள். கெட்டிக்காரரை அனுப்ப எந்த மேனேஜருக்கு மனம் வரும்? அவர் போய்விட்டால் அன்றாட வேலை படுத்துவிடும். ஆகவே இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை என்ற ஆளைத் தேர்ந்து அனுப்புகிறார்கள். அவர் போய், தன் இலாகா எப்படி வேலை செய்கிறது என்று கன்சல்டன்டுக்கு விளக்குகிறார். விதிப் புத்தகத்தில் இருப்பதைச் சொல்கிறார். நடப்பது அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லத் தைரியம் இல்லை. அந்த விளக்கத்தின் மீது கோடிக்கணக்கான ரூபாய்க் கட்டடம் எழும்புகிறது.

நிதியாண்டு பிறக்கும் ஏப்ரல் 1 புது முறைக்கு மாறும் நாளாகப் பெரும்பாலும் குறிக்கப்படுகிறது. மராத்தி வருடப் பிறப்பான குடி பாட்வாவும் அதை ஒட்டியே வருவதால் சர்வர் அறைக்குத் தேங்காய் உடைத்துச் சாமந்தி மாலை போட வசதி. முதல் வாரம் கேட்டில் லாரிகள் வரிசை கட்டும். முன்பெல்லாம் சரக்கு வந்தால் இறக்கிவிட்டு, பர்ச்சேஸ் ஆர்டரைச் சாவகாசமாக எழுதிக்கொள்ளலாம். இப்போது ஆர்டர் எண் இல்லாவிட்டால் திரை வரவு வைக்க மறுக்கிறது. உள்ளே லைன் காத்திருக்கிறது, வெளியே சரக்கு காத்திருக்கிறது, நடுவில் ஒரு கர்சர் மினுக்கிக்கொண்டிருக்கிறது. மராத்தியில் “பகதோ” என்று ஒரு வார்த்தை உண்டு. நம் “பார்க்கலாம்” போலத்தான், செய்வேன் என்றும் அர்த்தம், செய்யமாட்டேன் என்றும் அர்த்தம். எப்போது சப்ளை செய்வீர்கள் என்ற கட்டத்தில் தேதிதான் போட முடியும். “பகதோ” போட முடியாது. இந்திய வியாபாரத்துக்கு இது சாதாரண அதிர்ச்சி அல்ல.

கம்ப்யூட்டருக்கும் சில அதிர்ச்சிகள் காத்திருந்தன. ஜெர்மானியர்கள் எழுதிய மென்பொருளுக்கு நம் எக்சைஸ் இலாகாவைத் தெரியாது. ஒரு சரக்கு தொழிற்சாலை கேட்டைத் தாண்டும்போதே தீர்வை கட்டியாக வேண்டும், மூலப்பொருளுக்குக் கட்டிய தீர்வை மாட்வாட் திட்டத்தில் (1986-ல் வந்தது, 2000-ல் செனவாட் ஆனது) திரும்பக் கிடைக்கும், அதற்கு ஆர்.ஜி. 23 என்று தனி ரிஜிஸ்டர்கள்; இன்ஸ்பெக்டர் கேட்கும்போது வரிசை எண் விடாமல் காட்ட வேண்டும். இதற்கெல்லாம் இந்தியாவுக்கான தனிப் பகுதியை எஸ்.ஏ.பி. பின்னர் சேர்க்க வேண்டியிருந்தது. புனேயில் கூடுதலாக ஆக்ட்ராய். பிம்ப்ரி-சிஞ்ச்வட் 1982-லிருந்து தனி மாநகராட்சி. போசரியில் செய்த பாகம் ஹடப்சரில் உள்ள தொழிற்சாலைக்குப் போனால் ஒரு மாநகராட்சி எல்லையைத் தாண்டி இன்னொன்றுக்குள் நுழைகிறது, நாக்காவில் வரி. 2013-ல் ஆக்ட்ராய் போய் எல்.பி.டி. வந்தது. 2015-ல் அதுவும் பெரும்பாலோருக்கு ரத்தானது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்து எக்சைஸ் ரிஜிஸ்டர்களையும் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பியது. ஒவ்வொரு முறையும் மென்பொருளின் வயிற்றைக் கிழித்துத் தைக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் ஈ.ஆர்.பி. ஆட்கள் வேலையில்லாமல் இருந்ததில்லை என்றால் அதில் நிதி அமைச்சர்களுக்கும் பங்குண்டு.

இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலானது ஜாப் ஒர்க். கோவை பீளமேட்டிலோ கணபதியிலோ பட்டறை வைத்திருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரிய கம்பெனி இரும்பைக் கொடுக்கும். போசரியில் நாலு லேத் வைத்திருப்பவர் கடைந்து கொடுப்பார். அங்கிருந்து முலாம் பூச இன்னொரு பட்டறை, ஹீட் ட்ரீட்மெண்டுக்கு வேறொன்று. சரக்கு கம்பெனியுடையது, இருப்பது அடுத்தவர் இடத்தில். எக்சைஸ் விதி 57எஃப்-ன்படி தீர்வை கட்டாமல் வெளியே அனுப்பலாம், ஆனால் கெடுவுக்குள் திரும்ப வர வேண்டும். செனவாட் காலத்தில் கெடு 180 நாள். ஜி.எஸ்.டி.யில் மூலப்பொருளுக்கு ஓராண்டு. விதி செத்துப்போய் வெகுகாலம் ஆனபின்னும் புனேயின் பழைய ஆட்கள் அந்தக் காகிதத்தை “57எஃப்4 சலான்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பத்து கிலோ கம்பி போனால் ஏழு கிலோவுக்குப் பாகமும் மூன்று கிலோ சுருளும் வர வேண்டும். இரண்டரைக் கிலோ சுருள்தான் வருகிறது. கொஞ்சம் எண்ணெயோடு ஒட்டிப் போயிற்று, கொஞ்சம் தரையில் சிந்தியது. நோட்டுக் காலத்தில் இதை ஸ்டோர்கீப்பரும் பட்டறைக்காரரும் ஒரு கட்டிங் சாயில் தீர்த்துக்கொண்டார்கள். இப்போது பட்டறைக்காரரின் பெயரில் திரையில் அரைக் கிலோ நிற்கிறது. மாதாமாதம் சேர்கிறது. வருடக் கடைசியில் “உங்களிடம் எங்கள் இரும்பு இத்தனை டன் பாக்கி” என்று டெபிட் நோட் வருகிறது.

அவருக்குப் பணம் வரும் வழியும் மாறிவிட்டது. பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு, பில் ஆகிய மூன்றும் அளவிலும் விலையிலும் பொருந்தினால்தான் ஈ.ஆர்.பி. பணம் கொடுக்கும். ஊழலைத் தடுக்க அருமையான ஏற்பாடு, சந்தேகமில்லை. அக்கவுண்ட்ஸ் கிளார்க்கைக் குளிப்பாட்டி வைத்தால்தான் செக் நகரும் என்ற நிலைமை பெருமளவு ஒழிந்தது இதனால்தான். ஆனால் மூன்றில் நடுவில் இருப்பது வரவுச் சீட்டு. சரக்கு கேட்டுக்குள் போய் “தரப் பரிசோதனையில்” என்ற நிலையில் கிடக்கும். பரிசோதகர் பட்டனை அழுத்தும்வரை கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை சரக்கு வந்து சேரவில்லை. சில இடங்களில் அந்தப் பாகம் வண்டியில் பூட்டப்பட்டு, வண்டி விற்றுப்போய், சாலையில் ஓடிக்கொண்டிருக்கும். திரையில் இன்னும் பரிசோதனை முடியாது. இரும்பு விலை ஏறியதற்காகப் பாகத்தின் விலையை முன்தேதியிட்டு உயர்த்திக் கொடுத்தாலோ கேட்கவே வேண்டாம். பழைய பில்களுக்கெல்லாம் துணை பில் போட வேண்டும், அவை எந்த ஆர்டரோடும் பொருந்தாமல் தொங்கும்.

சட்டம் பட்டறைக்காரர் பக்கம்தான். 2006-ம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. சரக்கு போய்ச் சேர்ந்து 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் டெலிவரி ஆன நாளிலிருந்தே கெடு ஓட ஆரம்பிக்கிறது. பரிசோதகர் எப்போது பட்டனை அழுத்தினார் என்பது சட்டத்துக்கு ஒரு பொருட்டல்ல. 2023 பட்ஜெட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், கெடு தாண்டிய பாக்கியை உண்மையில் கொடுக்கும்வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று விதி செய்தார்கள். அதன்பிறகு பெரிய கம்பெனிகளின் ஈ.ஆர்.பி.யில், இந்தச் சப்ளையர் குறுந்தொழிலா, சிறுதொழிலா, கெடு எப்போது முடிகிறது என்று காட்டும் கட்டங்கள் அவசர அவசரமாகச் சேர்க்கப்பட்டன. இருபது ஆண்டுகளாகச் சப்ளையர்கள் கெஞ்சிக் கேட்ட ஒன்றை வருமான வரி இலாகா ஒரே பட்ஜெட்டில் சாதித்துவிட்டது. என்றாலும், மாத வருமானத்தில் முக்கால் பங்கு கொடுக்கும் ஒரே வாடிக்கையாளர் மீது சட்டத்தைக் காட்டும் பட்டறைக்காரரைப் போசரியில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பெரிய திட்டங்கள் சறுக்குவது இந்தியாவின் தனிச் சொத்து அல்ல. அமெரிக்காவின் ஹெர்ஷே சாக்லேட் கம்பெனி 11 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, நான்கு ஆண்டு வேலையை இரண்டரை ஆண்டில் முடித்து, 1999 கோடையில் புதிய முறைக்கு மாறியது. அந்த ஆண்டு ஹாலோவீன் பண்டிகைக்குக் கடைகளுக்கு மிட்டாய் போய்ச் சேரவில்லை. மூன்றாவது காலாண்டு லாபம் 19 சதவிகிதம் விழுந்தது. மிட்டாய் இல்லாமல் இல்லை, கிடங்கில் இருந்தது. சீசன் நெருக்கடியில் கம்பெனி ஆட்கள் கிடைத்த இடத்திலெல்லாம் சரக்கை அடுக்கி வைப்பது வழக்கமாம். அந்த இடங்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை என்று அப்போது வந்த செய்திகள் கூறின. ஸ்டோர்கீப்பரின் நோட்டு பென்சில்வேனியாவிலும் இருந்திருக்கிறது.

ஜெர்மனியின் லிடில் மளிகைச் சங்கிலியின் கதை வேறு மாதிரி. ஏழு ஆண்டுகள், சுமார் 50 கோடி யூரோ. 2018-ல் திட்டத்தையே கைவிட்டார்கள். லிடில் தன் கையிருப்பைக் கொள்முதல் விலையில் கணக்கு வைக்கும், எஸ்.ஏ.பி.யின் சில்லறை வணிக மென்பொருள் விற்பனை விலையை வைத்து நடப்பது. லிடில் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை, மென்பொருளை வளைக்கச் சொன்னது. வளைத்து வளைத்துக் கடைசியில் ஒடிந்துவிட்டது. மென்பொருளுக்காகக் கம்பெனி மாற வேண்டுமா, கம்பெனிக்காக மென்பொருளா என்ற பழைய சண்டைக்கு இதைவிட விலை உயர்ந்த உதாரணம் கிடைக்காது. புனேயில் இந்தச் சண்டை பெரும்பாலும் ஒரு ரிப்போர்ட்டின் வடிவத்தில் வரும். “எங்கள் எம்.டி. முப்பது வருஷமாக இந்த ஃபார்மில்தான் பார்ப்பார்” என்பார்கள். அந்த ஒரு ஃபார்முக்காக மூன்று மாதம் புரோகிராம் எழுதப்படும். எக்சைஸுக்காக வளைப்பதில் நியாயம் உண்டு. எம்.டி.யின் பழக்கத்துக்காக வளைப்பதை என்ன சொல்வது?

ஒரு கம்பெனியில் ஈ.ஆர்.பி. உண்மையிலேயே வேரூன்றியதா என்று தெரிந்துகொள்ள வெளியாளுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. காலை உற்பத்திக் கூட்டத்தில் எதைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று கவனிக்கலாம். ஈ.ஆர்.பி. திரையாக இருந்தால் சரி. யாரோ ஒருவர் இரவு உட்கார்ந்து தயாரித்த எக்செல் தாளாக இருந்தால், டிராயரில் இருந்த நோட்டு லேப்டாப்புக்குக் குடிபெயர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்டோர்கீப்பர் இருந்த இடத்தில் இப்போது ஒரு பி.ஈ. பட்டதாரி. அவர் லீவு போட்டால் கம்பெனி திணறும்.

சிறு பட்டறைகள் இந்தப் பந்தயத்தில் வேறு பாதையில் வந்தன. ஷியாம் சுந்தர் கோயங்காவும் மகன் பரத் கோயங்காவும் 1986-ல் பெங்களூரில் தொடங்கிய கம்பெனியின் டாலிதான் அவர்களுக்குக் கணக்குப்பிள்ளை. மும்பையில் உருவான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் போன்ற, லைசென்ஸ் கட்டணமே இல்லாத மென்பொருள்களும் வந்துவிட்டன. எந்த மென்பொருள் வைத்திருந்தாலும் பெரிய கம்பெனிகளின் சப்ளையர் போர்ட்டலில் அவர்கள் நுழைந்தாக வேண்டும். மூன்று வாடிக்கையாளர் என்றால் மூன்று போர்ட்டல், மூன்று பாஸ்வேர்டு, மூன்று விதமான பார்கோடு லேபிள். லாரி கிளம்புவதற்கு முன்பே எல்லா விவரமும் ஏற்றியாக வேண்டும். முன்பு பெரிய கம்பெனியின் கிளார்க் செய்த பதிவு வேலை இப்போது பட்டறைக்காரரின் செலவில் நடக்கிறது. ஈ.ஆர்.பி. மிச்சப்படுத்தியதாக ஆண்டறிக்கையில் காட்டப்படும் தொகையில் இதுவும் அடக்கம்.

இப்போது இரண்டாவது அலை. தன் பழைய மென்பொருளுக்கு 2027 கடைசியோடு வழக்கமான பராமரிப்பை நிறுத்திக்கொள்வதாகவும், கூடுதல் பணம் கட்டினால் 2030 வரை நீட்டிக்கலாம் என்றும் எஸ்.ஏ.பி. 2020-லேயே அறிவித்துவிட்டது. அதற்குள் 2015-ல் வந்த எஸ்-4 ஹானாவுக்கு மாற வேண்டும். அதே கேள்விகள், அதே குழுக்கள். 90-களின் கடைசியில் டிரெய்னியாக வந்தவர்கள் இன்று திட்டத் தலைவர்கள். நோட்டு வைத்திருந்த ஸ்டோர்கீப்பர்கள் பலர் ரிட்டயராகிவிட்டார்கள். மாறுவதற்கு முன் பழைய குப்பையைக் கழிக்க வேண்டும் என்பது முதல் வேலை. 6203 என்ற சாதாரண பால் பேரிங் ஒருவர் பதிவில் கம்பெனிப் பெயரோடு ஒரு குறியீட்டு எண்ணில், இன்னொருவர் பதிவில் வெறும் அளவோடு வேறொரு எண்ணில், மூன்றாமவர் எழுத்துப் பிழையோடு இன்னொன்றில் என்று ஒரே ஸ்டோர்ஸில் மூன்று அவதாரம் எடுத்திருக்கும். ஒன்றில் கையிருப்பு பூஜ்யம், அவசர ஆர்டர் போகும். இன்னொன்றில் 900 தூசு படிந்து கிடக்கும். ஜனவரி பிறந்ததும் அந்தப் பட்டியல்களை அச்செடுத்து, ரிட்டயரானவர்களில் யாராவது ஒருவரை தினக்கூலிக்கு வரவழைத்து, அலமாரி அலமாரியாகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.